புதுப்பிப்பு: தாவோஸ் மண் தேவாலயம், வெளிச்ச நேரம் பற்றிய திருத்தம்

1915இல் ஓவியர் சங்கம் உருவான நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரைப் படமெடுக்கும் குறிப்பில், ராஞ்சோஸ் டி தாவோஸ் தேவாலயத்துக்குக் காலை வெளிச்சமே போதும் என்று எழுதியிருந்தேன். அது முகப்புக்கு மட்டும்தான் சரி. ஜார்ஜியா ஓகீஃப் வரைந்த, ஆன்சல் ஆடம்ஸ் படமெடுத்த பின்புறத்துக்கு மாலைதான் வேண்டும். சூரியன் இறங்கி, வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும்போதுதான் சுவரைத் தாங்கும் உதைசுவர்களின் வளைவும் மண்பூச்சில் கலந்த வைக்கோலும் துலங்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வெள்ளைச் சமநிலை மண்ணின் செம்மையை வெளிறடிக்கும். அந்த அமைப்பை 5500 கெல்வினில் நிறுத்துங்கள். 24 மி.மீ.க்கும் அகலமான லென்ஸில் போலரைசர் (வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் வடிகட்டி) வேண்டாம், வானம் திட்டுத் திட்டாகக் கறுக்கும். முன்னால் கார்கள் நின்றால் 50 அல்லது 85 மி.மீ.யில் மேற்பகுதியை மட்டும் சட்டத்துக்குள் எடுங்கள். அந்த வடிவங்களுக்கு அதுவே அழகு.

ஜூனில் ஊர்மக்கள் சுவருக்கு மண் பூசுவார்கள். ஈரத்திட்டுகள் தெரியும், ஆனால் கட்டடத்தை உயிரோடு வைத்திருப்பதே அந்தக் கைகள்தான்; கேட்டுவிட்டு எடுங்கள்.