நிறுவனம் கைமாறிய பின் ஊதிய உயர்வில் பாகுபாடு: என்ன செய்யலாம்?

கேள்வி:
ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாகத் தொழில்நுட்பப் பணியாளராக இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் எங்கள் பிரிவு மட்டும் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பணித் தொடர்ச்சி காக்கப்படும் என்றும், பணி நிபந்தனைகள் முன்பிருந்ததை விடக் குறையாது என்றும் கடிதம் தந்தார்கள். ஆனால் இந்த ஏப்ரலில் அந்நிறுவனத்தின் பழைய ஊழியர்களுக்கு ஒன்பது விழுக்காடும் எங்களுக்கு நான்கு விழுக்காடும் ஊதிய உயர்வு அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் "இங்கு சேர்ந்து ஓராண்டு நிறையவில்லை" என்பதே அவர்கள் சொல்லும் காரணம். இது முறையா?

மறுமொழி 1:
நண்பரே, உங்கள் மாற்றம் நடந்த நாளில் நடைமுறையில் இருந்தது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். நிறுவனம் கைமாறும்போது தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது அதன் 25எஃப்எஃப் பிரிவு. பணி இடைமுறியாமை, குறையாத நிபந்தனைகள், பின்னாளில் ஆட்குறைப்பு செய்தால் பழைய பணிக்காலத்தையும் சேர்த்து இழப்பீடு தரும் பொறுப்பு ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே அதிலிருந்து விலக்கு. புதிய ஊழியர், பழைய ஊழியர் இருவருக்கும் ஒரே விழுக்காட்டில் உயர்வு தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். பழைய நிர்வாகத்துடன் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில், அதே சட்டத்தின் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம் போட்டிருந்தீர்களா? அது 18(3) பிரிவின்படி நிறுவனத்தை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். அதில் ஆண்டு உயர்வுத் தொகை எழுதப்பட்டிருந்தால், அதற்குக் குறைத்துத் தர முடியாது.

மறுமொழி 2:
மனிதவளத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மாறி வந்தவர்களின் அடிப்படை ஊதியம் ஏற்கெனவே கூடுதலாக இருந்தால், இரு தரப்பையும் சமன்படுத்தச் சில ஆண்டுகள் உயர்வைக் குறைத்துத் தருவது உண்டு. அது விவாதத்துக்குரியது என்றாலும் காரணமாவது புரியும். உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணத்தை ஏற்கவே முடியாது. பணித் தொடர்ச்சி உண்டு என்று கையெழுத்திட்ட நிர்வாகம், ஊதிய உயர்வுக்கு மட்டும் உங்களைப் புதிதாகச் சேர்ந்தவராகக் கணக்கிடுவது தன் கடிதத்தையே மறுப்பதாகும். சம்பளச் சீட்டில் "பணியில் சேர்ந்த நாள்" என்ன என்று உடனே பாருங்கள். அங்கே 2025 இருந்தால் இழப்பு ஊதிய உயர்வில் உள்ள ஐந்து விழுக்காட்டு வித்தியாசத்தோடு நிற்காது; பழைய பணிக்காலத்துக்கான பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) கணக்கில் வராமல் போகலாம். கடைசி மாத ஊதியம் 26,000 ரூபாய் என்றால் பணிக்கொடை ஓராண்டுக்கு 15,000. பதினொரு ஆண்டுக்கு 1,65,000 ரூபாய்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சீட்டை எடுத்துப் பார்த்தேன். 2025 ஆகஸ்ட் என்றுதான் அச்சாகியிருக்கிறது. எங்களிடம் 12(3) ஒப்பந்தம் உண்டு, ஆனால் அதன் படி சங்கத்தின் பழைய செயலாளரிடம் இருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்டு, சேர்ந்த நாளைத் திருத்தக் கோரி அனைவரும் கையெழுத்திட்ட கடிதத்தை முதலில் கொடுக்கலாமா, அல்லது ஊதிய உயர்வையும் அதே கடிதத்தில் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
ஒரே கடிதத்தில் எழுதுங்கள், ஆனால் சேர்ந்த நாளை முதலில் வையுங்கள். அதைத் திருத்த ஒப்புக்கொண்டால், ஓராண்டு நிறையவில்லை என்ற காரணம் அங்கேயே அடிபட்டுப்போகும். கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் சங்கத்தின் மூலம் மனு கொடுக்கலாம்.