புதுப்பிப்பு: சுங்குடிச் சேலைப் படத்தில் நிறம் மாறுவது சரியாகிவிட்டது

மதுரையில் எங்கள் கடைச் சுங்குடிச் சேலைகளை (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றுபவை) இன்ஸ்டாகிராமில் போட்டால் அரக்குச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, வாசல் நிழலில் எடுக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் கலந்ததில் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா நிறத்தைச் சரிசெய்வது) தடுமாறியிருக்கிறது. இப்போது நிழல், எதிரே ஒரு வெள்ளை சார்ட், அவ்வளவுதான். ரிங் லைட் தேவைப்படவில்லை. ஃபில்டர் வேண்டவே வேண்டாம். நிறம் மாறினால் சேலை திரும்பி வரும்.

அப்புறம், விலையைப் படத்தின் ஓரத்தில் எழுதாதீர்கள். 2025-இல் இன்ஸ்டாகிராம் புரொஃபைல் கட்டங்கள் 3:4 (அகலம்:உயரம்) ஆகிவிட்டதால் 4:5 படத்தின் பக்கங்கள் கொஞ்சம் வெட்டுப்படும்.

எதிர்பாராதது: சாயத் துணியில் முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க வெள்ளைப் புள்ளி தெரியும் சின்ன வீடியோவுக்குத்தான் விசாரிப்பு அதிகம். அதிலும் பலர் கேட்பது சேலை விலையை அல்ல, முடிச்சுப் போடக் கற்றுத்தருவீர்களா என்று!