பதிவு தோட்டத்தில், இருப்பது டவுனில்: சின்னவளுக்குத் திரிபோஷ சத்துமா கிடைக்குமா?

மலைச்சாரல்:
ஹட்டன் டவுனுக்குப் பின்னால் ஓடைக்கரையில் தகரம் அடித்த ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறோம். தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு வந்து நாலு வருசம். என் கணவர் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறார், லொறி வராத நாளில் சம்பளமும் இல்லை. லயத்தில் வாசலோரம் கீரை இருந்தது, தேயிலை மலையில் விறகு பொறுக்கலாம். இங்கே கறிவேப்பிலைக்கும் காசு.

2022இல் கோதுமை மா விலை ஏறியபோது தொடங்கிய கடைக் கொப்பிக் கடன் இன்னும் முடியவில்லை. மாசக் கடைசியில் மூன்று நேரமும் ரொட்டிதான், சம்பலுக்குத் தேங்காய் வாங்க முடியாமல் வெங்காயமும் மிளகாயும் மட்டும் இடிக்கிறேன். பெரியவன் பாதி ரொட்டியை மடித்து, இடைவேளைக்கு என்று பையில் வைத்துக்கொள்கிறான்.

சின்னவளுக்கு இரண்டரை வயது. கடைசியாக நிறை பார்த்தபோது பிள்ளையின் கிளினிக் பதிவேட்டில் நிறைக்கோடு கீழே இறங்கியிருந்தது. அப்புறம் கிளினிக் போகவில்லை. எங்கள் பதிவெல்லாம் தோட்டத்தில். இங்கே யாரிடம் போவது? அரசாங்க உதவிப்பணம் அஸ்வெசுமவுக்கும் விலாசம் கேட்கிறார்கள்.

கொழுந்துக்கூடை:
தங்கச்சி, அஸ்வெசும அலைச்சல் முடியும்வரை பிள்ளையைக் கிளினிக் கொண்டுபோகாமல் வைத்திருக்காதீர்கள். அது வேறு, கிளினிக் வேறு. பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் இப்போது இருக்கும் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸைப் பாருங்கள். இடம் மாறி வந்தோம் என்று சொன்னால் போதும். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ கொடுப்பது அங்கேதான். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் என் மகள் விரும்பிச் சாப்பிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிடாதீர்கள், நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

பண்டாரவளை அண்ணா:
அஸ்வெசுமவுக்கு முதலில் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தை உறுதிப்படுத்த வேண்டும். வாடகைத் துண்டு இல்லாவிட்டால் அறைச் சொந்தக்காரரையே கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு அப்படித்தான் சரி வந்தது. அவர் வர மறுத்தால் பிரதேச செயலகத்தில் நேரில் கேளுங்கள்.

மலைச்சாரல்:
நன்றி அக்கா, அண்ணா. சொந்தக்காரர் வருவாரா தெரியாது, வாடகை ஒரு மாதம் பாக்கி. கிளினிக் போகலாம். நேற்று இவர் லொறியில் உடைந்து கிடந்த கரட் ஒரு பை கொண்டுவந்தார். அவித்து மசித்துக் கொடுத்தேன், சின்னவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். பதிவேட்டைத் தேடி எடுத்துவிட்டேன், மழையில் ஓரம் நனைந்திருக்கிறது, எழுத்து தெரிகிறது.