ஃபைப்ரோமயால்ஜியா வலி: கடலூர், புதுச்சேரியில் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன், வயது 43. 2021 முதல் உடல் முழுவதும் வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, காலையில் விரல்களை மடக்க முடியாத இறுக்கம். இ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, முடக்குவாதப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஃபைப்ரோமயால்ஜியா என்று வாதநோய் மருத்துவர் உறுதி செய்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதுச்சேரி பஸ்ஸில் உட்கார இடம் கேட்டால் முறைக்கிறார்கள். அந்தப் பார்வை வலியைவிடக் கொடுமை.

பிரீகாபலின் மாத்திரை தலைசுற்ற வைத்தது. டுலோக்ஸெடின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அமிட்ரிப்டிலினால் கொஞ்சம் தூக்கம் வருவதால் அதைத் தொடர்கிறேன். பிசியோதெரபி, நடைப்பயிற்சி ஓரளவு உதவுகின்றன.

இவை போதாததால், கஞ்சா இலையில் தயாரித்த மருந்தைச் சட்டப்படி எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கஞ்சா வரையறையில் பூவும் பிசினும் அடங்கும். பூ சேராத இலையும் விதையும் அடங்காது. அதனால் இலையில் தயாரித்த, உரிமம் பெற்ற ஆயுர்வேத மருந்துகள் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கின்றன. இதைக் கேட்டதுமே ஒரு மருத்துவர் பேச்சை மாற்றிவிட்டார். வலிக்கு மருந்து கேட்பவரைப் போதைக்கு அலைபவராகப் பார்ப்பது அநியாயம். கள்ளத்தனமாக எதையும் வாங்க மாட்டேன்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ, நான் சாப்பிடும் மாத்திரையையும் கணக்கில் கொண்டு, இம்மருந்து எனக்குப் பொருந்துமா என்று சட்டப்படி ஆலோசனை தரும் பதிவுபெற்ற மருத்துவர் யாரையாவது தெரியுமா?