கொறங்காட்டு இடுகாடு – அப்டேட்

போன மாசம் காங்கேயம் பக்கம் எங்க கொறங்காட்டுல (ஆடு மாடு மேய வேலி போட்டு வெச்ச மேய்ச்ச நெலம்) சிமெண்ட் சமாதி இல்லாம இயற்கையா அடக்கம் பண்ற எடத்துக்கு மண்டபம் எப்படி கட்டலாம்னு கேட்டிருந்தேனுங்களே, அதுக்கு அப்டேட். கான்கிரீட்ட கைவிட்டாச்சுங்க. ஸ்டாக்ஹோம்ல 1915 டிசைன் போட்டியில ஜெயிச்சு அஸ்ப்லண்ட், லெவரன்ட்ஸ்னு ரெண்டு கட்டடக் கலைஞருங்க பண்ணுன காட்டு மயானத்த பாத்தேன், பைன் மரங்கதான் பாதி கட்டடம், அங்க இருக்கற சின்ன சேப்பலோட (ஜெபக்கூடம்) கூரை மரத்துக்கடியில பதுங்கி நிக்குது, அதனால நம்மளும் வெள்வேலா மரம் ஒண்ணக்கூட வெட்டாம தாழ்வா ஒரு ஓட்டுச்சாளை, சுத்தியும் திண்ணை, காம்பவுண்டுக்கு இருக்கற கிளுவ வேலியே போதும்னு முடிவு. அப்பாரு குனிஞ்சு ப்ளான பாத்துட்டு "ஏங்கண்ணு, கொடுமணல்ல அந்தக் காலத்துல கல்ல வட்டமா வெச்சுத்தான பொதைச்சாங்க, அதுக்கு எந்த இஞ்சினியரு வந்தான்"ங்கறாரு (கொடுமணல்ங்கறது சென்னிமலை பக்கம் பழங்காலப் பொதைகுழிகள தோண்டிக் கண்டெடுத்த ஊரு). லைசன்ஸ் இன்னும் வரலைங்க, அஸ்திவாரத்துக்கு வானமே தோண்டல.