துக்க வீட்டுக்குத் துணை நிற்கும் குழு: எதிலிருந்து தொடங்குவது?

செந்தூல் ராணி:
வணக்கம். எங்கள் அடுக்குமாடியில் மரணம் நேர்ந்த குடும்பங்களுக்கு உதவப் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். ஒருங்கிணைக்கும் பொறுப்பு எனக்கு. பந்தல், நாற்காலி, சாப்பாட்டை அக்கம்பக்கத்தாரே பார்த்துக்கொள்கிறார்கள். குடும்பத்தின் சார்பாக நாங்கள் எங்கெங்கே பேச வேண்டும்? பணம் திரட்டலாமா?

கெப்போங் மாறன்:
உயிர் எங்கே பிரிந்தது என்பதை முதலில் கேளுங்கள். மருத்துவமனை என்றால் மரணத்தை உறுதிசெய்யும் படிவம் அங்கேயே கிடைக்கும். வீடு என்றால் மரண காரணத்தை யார் உறுதிசெய்வது என்பதுதான் சிக்கல். சிகிச்சை கொடுத்த டாக்டரின் கடிதம், அப்பாயின்மென்ட் அட்டை, மருந்துப் பை மூன்றையும் உடனே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இவை இல்லாத திடீர் மரணத்துக்குப் போலீஸ் விசாரணை, சில வேளை சவப்பரிசோதனை என்று நேரம் இழுக்கும். பெர்மிட் (புதைக்க அல்லது எரிக்க அனுமதி) கைக்கு வருமுன் "இரண்டு மணிக்கு எடுக்கிறோம்" என்று வாட்சப்பில் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. செராஸ் மின்சுடலையானாலும் பினாங்கு பத்து லஞ்சாங் சுடலையானாலும் பெர்மிட் இல்லாமல் எரிக்க முடியாது.

மரணத்தை ஏழு நாளுக்குள் ஜேபிஎன்னில் (மலேசியத் தேசியப் பதிவிலாகாவில்) பதிய வேண்டும். இறந்தவரின் ஐசியை (அடையாள அட்டையை) அங்கே வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் இரு பக்கமும் நகல் எடுத்துவிடுங்கள், பின்னால் எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

பட்டர்வொர்த் தேவி:
ராணி அக்கா, பதினாறாம் நாள் கருமக்கிரியையோடு கூட்டம் கலைந்துவிடும். அலைச்சல் அப்போதுதான் ஆரம்பிக்கும். ஆகவே ஒரு குடும்பத்துக்கு ஒரு தொண்டர் என்று குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒதுக்குங்கள். 60 வயதாகுமுன் இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி வாரியம்) தரும் 2,500 ரிங்கிட் மரண உதவிக்கும் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்தாக வேண்டும். வேலையில் இருந்தவர் என்றால் சொக்சோவையும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தையும்) விடாதீர்கள்.

"கணவர் போனால் எல்லாம் மனைவிக்கு" என்று பலர் நம்புகிறார்கள். உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, பிள்ளைகளும் கணவரின் பெற்றோரும் இருக்கும்போது மனைவிக்குக் கால் பங்குதான். பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. மாமியாருக்கும் மருமகளுக்கும் இங்கேதான் முட்டிக்கொள்ளும். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கணக்கைச் சொல்லுங்கள், தனித்தனியே சொன்னால் பேச்சு திரிந்துவிடும். ஈபிஎஃப்பில் வாரிசாகப் பெயர் எழுதிவைத்த பணம் இந்தப் பங்கீட்டில் சேராது. அது தனி.

கெப்போங் மாறன்:
தற்கொலை நடந்த வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். வெட்கத்தில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னால் விசாரணை நீளும், உடல் கைக்கு வரத் தாமதமாகும். நடந்ததை நடந்தபடியே சொல்லத் துணை நில்லுங்கள். தற்கொலை முயற்சியே 2023 முதல் குற்றமில்லை. குடும்பம் கூனிக்குறுக எதுவும் இல்லை. "ஏன்?" என்று தொண்டர் எவரும் கேட்கக்கூடாது, படத்தைப் பகிரக்கூடாது. சிறு பிள்ளைகளிடம் "அப்பா தூங்குகிறார்" என்று சொல்லவிடாதீர்கள், அப்புறம் அவர்கள் தூங்கவே பயப்படுவார்கள். மனம் உடைந்து பேசுவோருக்கு பிஃப்ரெண்டர்ஸ் (மன ஆறுதல் தரும் தொலைபேசிச் சேவை) 03-7627 2929 எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

தாமான் முத்து:
பணம் பற்றி: மாதச் சந்தாவோடு மரண சகாய நிதி நடத்துவதாக இருந்தால் சங்கங்களின் பதிவிலாகாவில் பதியுங்கள், ஏழு பேர் இருந்தால் போதும். உங்களிடம் பத்துப் பேர் இருக்கிறீர்கள். தனிநபர் கணக்கில் ஒரு வெள்ளிகூட வாங்காதீர்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து கட்டாயம் இருக்கட்டும். குடும்பத்திடம் கொடுக்கும்போது தொகையை எழுதி, வாங்குபவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.