'அன்சேஃப்' குற்றத்தீர்ப்பு: தமிழில் என்ன சொல்வது?

மடல் 1: வகுப்பு நடத்தும் ஆசிரியை, லண்டன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இங்கே நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்களாகப் பயிலும் தமிழ் மாணவர்களுக்காக நான் தொகுத்துவரும் சொற்கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு குற்றத்தீர்ப்பை நீக்கும்போது, சிறையிலிருந்தவர் நிரபராதி என்று சொல்வதில்லை. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் பன்னிருவர் குழுவாகிய ஜூரி தவறிழைத்தது என்றும் சொல்வதில்லை. தீர்ப்பு 'அன்சேஃப்' (unsafe, சொல்லுக்குச் சொல் 'பாதுகாப்பற்ற') என்று மட்டும் சொல்கிறது. 1968ஆம் ஆண்டின் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டத்தில் இதனோடு 'நிறைவு தராத' என்னும் பொருளுடைய இன்னொரு சொல்லும் இருந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இது ஒன்றே அளவுகோலாக எஞ்சி நிற்கிறது.

மாணவர் ஒருவர் இதைப் 'பாதுகாப்பற்ற தண்டனை' என்று பெயர்த்தார். அதைக் கேட்கும் தாய், மகனுக்குச் சிறையில் ஆபத்து என்றல்லவா பதறுவார்? 'தண்டனை' என்பதும் பொருந்தாது. குற்றவாளி என்று தீர்ப்பது ஜூரி. தண்டனை விதிப்பது நீதிபதி. இலங்கையில் வழங்கும் 'குற்றத்தீர்ப்பு' என்பதையே எடுத்துக்கொண்டேன். அதன் முன்னே நிற்கவேண்டிய அடைமொழியைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அம்மா, நம்மிடம் இல்லாத சொல்லா? 'முறைகோடி மன்னவன் செய்யின்' என்று குறள் தொடங்குகிறது. முறை என்பதே நம் முன்னோர் நீதிக்கு இட்ட பெயர், கோடுதல் வளைதல். 'முறைகோடிய தீர்ப்பு' என்று எழுதுங்கள். 'நீதிப்பிறழ்வு' என்று நாளிதழ்கள் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம், முறை என்ற சொல்லை நாம் ஏன் கைவிட்டோம் என்று வருந்துகிறேன்.

மடல் 3: வழக்கறிஞர்

பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். முறைகோடுதல் மன்னவன் செய்யும் வினை; அதில் பழி தீர்ப்பவன் மேல் விழுகிறது. இங்கே அப்படி இல்லை. செய்யாத வன்புணர்வுக்காகச் சிறை சென்ற ஆண்ட்ரூ மால்கின்சன் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2004இல் பத்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். சாட்சிகள் இருவர் முன்னரே குற்றத்தீர்ப்புப் பெற்றவர்கள் என்பது அந்த ஜூரிக்குச் சொல்லப்படவே இல்லை. பதினேழு ஆண்டுகள் சிறையில் இருந்தார். டிஎன்ஏ சான்று வேறொருவரைச் சுட்டிய பின்னரே, 2023இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. அந்தப் பன்னிருவரில் யார் முறைகோடினார்?

தம் இரு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சாலி கிளார்க் வழக்கிலும், 1999இல், அதே பத்துக்கு இரண்டுதான். ஒரே குடும்பத்தில் இரு குழந்தைகள் இயற்கையாக இறக்க ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று மருத்துவ வல்லுநர் ஒருவர் சொன்ன பிழையான கணக்கை ஜூரி கேட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை 2003இல்தான் நீக்கியது. கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட ஸ்டெஃபான் கிஸ்கோவுக்கு 1976இல் நேர்ந்ததும் பத்துக்கு இரண்டே; அவர் வெளியே வந்தது 1992இல். 1967ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் பன்னிருவரும் ஒருமனதாகச் சொன்னால்தான் குற்றத்தீர்ப்பு. அந்தப் பழைய விதி இருந்திருந்தால் இம்மூவரையும் அந்த ஜூரிகளால் குற்றவாளிகளாக்கியிருக்க முடியாது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஜூரி காரணம் சொல்வதில்லை. அவர்கள் அறைக்குள் பேசியதை வெளியிடுவதை 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அந்தத் தடை இன்றும் சில விலக்குகளோடு தொடர்கிறது. 1990களில் ஒரு கொலை வழக்கில், ஜூரியினர் சிலர் இரவு தங்கிய விடுதியில் ஆவிகளுடன் பேசும் பலகையை வைத்து, கொலையுண்டவரிடமே கேள்வி கேட்டிருந்தார்கள். விடுதியில் நடந்தது என்பதால்தான் நீதிமன்றத்தால் அதை விசாரிக்க முடிந்தது. கலந்தாய்வு அறையில் நடந்திருந்தால் கேட்டிருக்கவே முடியாது. எனவே மேல்நீதிமன்றம் 'ஏன் இப்படித் தீர்த்தீர்கள்' என்று கேட்க வழியில்லாமல், 'இத்தீர்ப்பை நம்பி ஒருவரைச் சிறையில் வைத்திருக்கலாமா' என்று மட்டும் கேட்கிறது. 'அன்சேஃப்' என்பது அந்தக் கேள்விக்கான விடை. அந்தப் பலகை வழக்கில் தீர்ப்பு நீக்கப்பட்டு, மறுவிசாரணையில் அதே ஆள் மீண்டும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அவருக்கும் மால்கின்சனுக்கும் ஒரே சொல் பொருந்தவேண்டும்.

மடல் 4: பேராசிரியர்

தம்பியின் விளக்கம் என் பரிந்துரையைத் திரும்பப் பெறச் செய்தது. ஆனால் அவர் விளக்கத்துக்குள்ளேயே சொல் இருக்கிறது. 'தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்.' தேர்தல் ஆராய்தல். தேறுதல் ஆராய்ந்தபின் நம்புதல். கண்ணகி 'தேரா மன்னா' என்றழைத்தது ஆராயாத அரசனை. அவன் ஆராயாமல் தந்த தீர்ப்போ நம்பத்தகாத 'தேறாத் தீர்ப்பு'. இடையின ரகரத்துக்கும் வல்லின றகரத்துக்கும் நடுவே ஒரு நீதிமுறையே அடங்கியிருக்கிறது. உறுதிப்பொருள் தரும் ஏகாரத்தைத் தேற்றம் என்றுதான் தொல்காப்பியம் சொல்கிறது. கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மையும் தேற்றம்தான். கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும், சங்கப் புலவர்கள் பருகிய தெளிந்த கள்ளாகிய தேறலும் இந்த வேரிலிருந்து கிளைத்தவையே என்பது என் எண்ணம். கலங்கிய நீர் தெளிவதைப் போலத்தான் மனமும் தேறுகிறது. 'தேறாக் குற்றத்தீர்ப்பு' என்று துணிந்து எழுதுங்கள்.

மடல் 5: ஆசிரியை

பேராசிரியர் ஐயாவின் சொல்லை நேற்று வகுப்பில் வைத்தேன். பொருளின் அழகில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மதுரையிலிருந்து வந்த மாணவி உடனே சொன்னார்: "எங்கள் ஊரில் 'இந்தக் கேஸ் தேறாது' என்றால் தோற்றுப்போகும் என்று பொருள்." தேறாது என்று உரைபெயர்ப்பாளர் சொன்னதும், மகன் விடுதலையாகும் அந்த நொடியிலேயே, எல்லாம் போயிற்று என்று தாய் அழத் தொடங்குவார். அந்த ஆபத்தை நான் ஏற்க முடியாது.

மடல் 6: வழக்கறிஞர்

அப்படியானால் 'ஐயத்துக்கிடமான குற்றத்தீர்ப்பு' என்று எழுதலாம். 1960களின் இறுதியில் ஒரு மேல்முறையீட்டில் நீதிபதிகள், தங்கள் மனத்தில் பதுங்கி நிற்கும் ஐயம் ஏதும் உண்டா என்று தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும் என்றார்கள். சட்டத்துக்கு நெருக்கமான சொல் இது.

மடல் 7: யாழ்ப்பாணத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர்

அந்தச் சொல்லை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தமிழில் ஐயம் தீர்ப்பின்மேல் நிற்காது; ஆளின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்திலேயே இது நேர்ந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தீர்ப்பு நீக்கப்பட்டவர் அரசிடம் இழப்பீடு பெறவேண்டுமானால், தாம் குற்றம் செய்யவில்லை என்பது நியாயமான ஐயத்துக்கு இடமின்றித் தெரியவேண்டும். விடுதலையானவரின் தோளில் அங்கே சட்டம் ஏற்றிய சுமையை, இங்கே ஒரு சொல்லால் நாமும் ஏற்றவேண்டாம். 'நிலைக்கத்தகாத குற்றத்தீர்ப்பு' என்று எழுதுங்கள். எந்தத் தாய்க்கும் விளங்கும், யாரையும் பழிக்காது.

மடல் 8: ஆசிரியை

வெள்ளி காலை வரை வந்த விடைகளில் ஐவர் 'நிலைக்கத்தகாத' என்பதையும் இருவர் 'ஐயத்துக்கிடமான' என்பதையும் ஏற்றிருக்கிறார்கள். முதலாவது அச்சுக்குப் போகிறது. தேர்தல், தேறுதல் விளக்கத்தை வகுப்பில் தனியாகச் சொல்வேன். அனைவருக்கும் என் நன்றி.

மடல் 9: பேராசிரியர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. நிலைக்காது என்பது விளைவு. ஏன் நிலைக்காது என்ற கேள்விக்கு அச்சொல் விடை தரவில்லை; 'தேறாது' தருகிறது. மதுரை மாணவியிடம் ஒன்று கேளுங்கள்: வழக்குத் தேறாது என்பதும் தீர்ப்புத் தேறாது என்பதும் அவர் காதுக்கு ஒன்றாகவா ஒலிக்கின்றன? அடுத்த பதிப்புக்கு முன் அவருடைய விடையை எனக்கு எழுதுங்கள்.